ரெண்டு தரம் அழிச்ச கண்டல்முனை

மட்டக்களப்பில மந்திரத்தால ஆளைப் பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு வெளியூர்ச் சனம் சொல்லும். நான் இந்த ஊர்லயே பிறந்து வளந்து அம்பது வயசாகுது, இன்னும் ஒருத்தன் பாயோட ஒட்டிக் கிடந்ததை என்ட கண்ணால காணல்ல தம்பி. பேய், முனி, செய்வினை, சூனியம் ஒண்டையும் நம்பினவள் இல்ல நான். வாவியில மீன் பாடுது எண்டு கேமராவும் தூக்கிக்கிட்டு வந்தவங்களிட்ட, அது தவளையா இருக்கும், போய்ப் படுங்க எண்டு சொல்லிச் சண்டை புடிச்ச ஆள். செய்வினைக்குக் கழிப்புக் கழிக்கணும் வா எண்டு அம்மா கூப்பிட்டா, எனக்கு வேலை கிடக்கு எண்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிருவன். இதை ஏன் முதல்லயே சொல்லுறன் எண்டா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன், நான் சொல்லி முடிக்கக்குள்ள 'அக்கா, அதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்கும்' எண்டு சொல்லுவாய். சொல்லு. நானும் இத்தனை வருசமா அதைத்தான் தேடுறன்.

சண்டை வாகரைப் பக்கம் இறுகின காலம். நான் அப்ப டவுனுக்குள்ள புளியந்தீவில ஒரு நிவாரண அலுவலகத்தில கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டிருந்தன், பேர் வேணாம், அது இப்ப இல்ல. எந்த ஊர்ச் சனம் எந்த முகாம்ல இருக்கு எண்ட பதிவு முழுக்க என்ட கையில. லினக்ஸ் போட்ட ஒரு பழைய சேவர், அதில ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஃபோல்டர், ஊர்ல இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் அதுக்குள்ள ஒவ்வொரு ஃபைல். ஊர் இடம்பெயந்து முகாமுக்கு வந்திட்டா, ஃபைலெல்லாத்தையும் முகாம் ஃபோல்டருக்கு மாத்திட்டு, ஊர் ஃபோல்டரை எடுத்துட்டு, அந்த இடத்தில அதே பேர்ல ஒரு லிங்க் போட்டு விடுவன். லிங்க் எண்டா உனக்குச் சொல்லத் தேவல்ல. அலுவலகத்தில கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, இடம்பெயந்து போற சனம் வீட்டுக் கதவுல கரியால 'இன்ன பள்ளிக்கூடத்தில இருக்கம்' எண்டு எழுதிட்டுப் போகும்தானே, அதுதான் லிங்க், உள்ளுக்கு ஒண்டும் இல்ல, ஆள் எங்க போனது எண்டு மட்டும் காட்டும். இது என்ட யோசனைதான். அதில எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்திச்சு.

அந்த மாசம் கொழும்புத் தலைமைக் கந்தோர்ல இருந்து எங்கட பதிவுப் புரோகிராமுக்குப் புது பக்கேஜ் ஒண்டு சீடியில வந்திச்சு. என்ட யோசனை அவங்களுக்கும் புடிச்சுப்போய், ஆளில்லாத ஊர் அத்தனைக்கும் அவங்களே உள்ளுக்கு லிங்க் வச்சு அனுப்பியிருந்தாங்க. கிராம சேவகர்மார் 'எல்லாரும் வெளியேறிட்டாங்க' எண்டு கையெழுத்து வச்ச ஊர்கள் எல்லாம் அதில. கண்டல்முனையும் அதில ஒண்டு. பனிச்சங்கேணிக்கு அங்கால, வாவிக்கரையில கண்டல் காட்டை ஒட்டி, ஒம்பது பத்துக் குடி இருந்த சின்ன இடம். இறால் புடிக்கும், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்யும், வேற ஒண்டும் தெரியாத சனம்.

சரி, விசயத்துக்கு வாறன். அடுத்த நாள் விடியக் கொடி கட்டின வாகனம் ரெண்டு உள்ளுக்குப் போய், இன்னும் மிச்சமிருக்கிற ஆக்களை ஏத்திக்கிட்டு வாறதுக்குச் சண்டை புடிக்கிற ரெண்டு பக்கமும் ஓம் எண்டு சொல்லியிருந்திச்சு. நாலு மணித்தியாலம் மட்டும்தான். எந்தெந்த ஊர்ல ஆக்கள் இருக்கு எண்ட லிஸ்ட் பின்னேரம் மூண்டு மணிக்கு முதல் ஃபேக்ஸில போகணும். லிஸ்டில இருக்கிற ஊருக்கு வாகனம் போகும், இல்லாத ஊருக்குப் போகாது. மறுகா பாதை எப்ப திறக்கும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். லிஸ்ட் புதுப் படிவத்தில வேணுமாம், புதுப் படிவம் புது பக்கேஜுக்குள்ளதான் இருக்காம். அதான் அண்டைக்கே அதை ஏத்த வேண்டி வந்திச்சு, இல்லாட்டி நான் அப்பிடியான நாள்ல ஏத்துற விசரி இல்ல.

அண்டைக்கு ஹர்த்தால். கடை ஒண்டும் இல்ல, பஸ் இல்ல, அரசாங்கக் கச்சேரிப் பக்கம் காகம் கத்துற சத்தம் மட்டும்தான். வேலைக்கு வந்தது ரெண்டே ரெண்டு பேர், நானும் ஜெயம் அண்ணனும். ஜெயம் அண்ணன் களத்துக்குப் போற ஆள், வாகனத்தோட அடுத்த நாள் போகப் போறதும் அவர்தான். முன் அறையில ஃபேக்ஸுக்குப் பக்கத்தில இருந்துகிட்டு கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா 'மிஸ், ஆச்சா?' எண்டு கேட்டுக்கிட்டே இருந்தாரு. எனக்கு அதில பத்திக்கொண்டு வந்திச்சு.

பதினொண்டரைக்கு அப்கிரேட் தொடங்கினன். பாதியில நிண்டிச்சு. என்னடா எண்டு பாத்தா, கண்டல்முனை எண்ட பேர்ல லிங்க் போட ஏலாதாம், அந்தப் பேர்ல அங்க ஒரு ஃபோல்டர் இருக்காம், உள்ளுக்குச் சாமானும் இருக்காம். நீயும் கண்டிருப்பாய், ஃபோல்டர் இருக்கிற இடத்தில லிங்க் போட வெளிக்கிட்டா பக்கேஜ் அப்பிடியே கையை விரிச்சிடும். பழசக் கழட்டியாச்சு, புதுசு முழுசா வரல்ல, லிஸ்டை அடிக்க ஏலாது. ஆனா எனக்கு விளங்காதது என்னெண்டா, கண்டல்முனை ஃபோல்டரை நான் போன மாசமே என்ட கையால எடுத்துட்டன். லிங்க்தான் கிடந்தது அங்க.

திறந்து பாத்தன். ஒரு ஃபைல். நேரம் அண்டைக்குப் பதினொண்டு இருபத்தஞ்சு. ஒரு குடும்பம், நாலு பேர். சின்னத்தம்பி. அவர்ட மனுசி கனகா. அவர்ட தங்கச்சி யோகம். நாலாவது வரியில பேர் இல்ல, 'பெண் குழந்தை, 9 நாள்' எண்டு மட்டும். இருப்பிடம் எண்ட இடத்தில முகாமின்ட பேர் இல்ல, கண்டல்முனை எண்டே கிடந்திச்சு.

ஜெயம் அண்ணனைக் கூப்பிட்டு முகாமுக்கு போன் அடிக்கச் சொன்னன். அவர் அடிச்சுக் கேட்டுட்டு, 'சின்னத்தம்பி குடும்பம் முகாம்ல பதிஞ்சிருக்கு மிஸ், மூண்டு பேர். நிவாரணமும் எடுத்திருக்கு' எண்டாரு. பிறகென்ன. ஆரோ பழைய கொப்பியில இருந்து ஒண்டு வந்து விழுந்திட்டு எண்டு நினைச்சன். குழந்தை எங்கேருந்து வந்த எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன்தான், மறுகா ஆரோ பிழையா அடிச்சிருப்பாங்க எண்டு விட்டுட்டன். பன்ரண்டு அஞ்சுக்கு அந்த ஃபோல்டரை அழிச்சன். அழிக்காம பேரை மாத்தி ஒரு ஓரமா வச்சிருக்கலாம்தானே எண்டு நீ கேப்பாய். கேக்கத்தான் வேணும். வச்சிருக்கலாம். எனக்கு எரிச்சல், மூண்டு மணி எண்ட பதட்டம், அந்த மனுசன்ட 'ஆச்சா' வேற. அழிச்சன்.

திரும்ப ஓட விட்டன். திரும்பவும் அதே இடத்தில நிண்டிச்சு. கண்டல்முனையில ஃபோல்டர் இருக்காம்.

எனக்குக் கோபம்தான் வந்திச்சு, பயம் இல்ல. எந்த நாசமறுந்த வேலை இது, எங்கயோ ஒரு பேக்கப் ஓடி திரும்பத் திரும்பக் கொண்டு வந்து போடுது எண்டு ஏசிக்கிட்டுத் திறந்தன். அதே ஃபைல். நேரம் பன்ரண்டு பன்ரண்டு. ஆனா இந்தத் தரம் மூண்டு பேர். முதலாவது வரி இல்ல. சின்னத்தம்பி இல்ல. குடும்பத் தலைவர் எண்ட இடத்தில கனகா எண்டு கிடந்திச்சு.

பேக்கப்பில இருந்து வந்தா முந்தினது அப்பிடியே வரணும். ஆள் குறைஞ்சு வராது. அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி, உன்னாணைச் சொல்லுறன், தெரியும். ஆனா தெரியும் எண்டுறதை மனம் ஏத்துக்கல்ல. நான் என்ன செய்தன் எண்டா, சேவர்ட பின்பக்கம் போய் நெட்வேர்க் வயரைப் புடுங்கினன். தானா ஓடுற வேலையெல்லாத்தையும் நிப்பாட்டினன். பேக்கப் டிஸ்கையும் கழட்டி மேசையில வச்சன். இப்ப வா பாப்பம் எண்டு வாய் விட்டுச் சொன்னன். சொல்லிட்டு ரெண்டாந்தரமும் அழிச்சன், ஒண்டு பத்துக்கு. இந்தத் தரம் பக்கேஜை நம்பாம, நானே கையால கண்டல்முனை எண்டு லிங்க் போட்டன். போட்டதைப் பாத்தன். லிங்க் கிடந்திச்சு, முகாமைக் காட்டிச்சு, ஒரு பிழையும் இல்ல.

ஃபேன் காத்தோட காத்தா வெளியால வாவியில இருந்து சேத்து மணம் வந்துகிட்டிருந்திச்சு. ரோட்டில ஒரு நாய் கூட இல்ல. ஜெயம் அண்ணன் பாணும் சம்பலும் கொண்டு வந்து வச்சாரு, நான் ஓரமாத் தள்ளி வச்சன். பத்து நிமிசம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருந்துட்டு, மூண்டாந்தரம் ஓட விட்டன்.

நிண்டிச்சு.

திறக்க எனக்கு கை வரல்ல. மெய்யா வரல்ல. ஜெயம் அண்ணனைக் கூப்பிட்டு, அண்ணன் கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க எண்டன். அந்த மனுசன் என்ட முகத்தைப் பாத்துட்டு வந்து கதிரைக்குப் பின்னால நிண்டாரு. திறந்தன். லிங்க் இல்ல. ஃபோல்டர். உள்ளுக்கு அதே ஃபைல், நேரம் ஒண்டு பதினேழு. ரெண்டு பேர். கனகா, பெண் குழந்தை. யோகம் எண்ட வரி இல்ல.

வயர் கீழ கிடக்கு. டிஸ்க் மேசையில கிடக்கு. அறையில நாங்க ரெண்டு பேர்.

நான் அழத் தொடங்கிட்டன். ஏன் அழுறன் எண்டு எனக்கே தெரியா. ஜெயம் அண்ணன் 'என்ன மிஸ், என்ன மிஸ்' எண்டு கேக்க, நான் முதல்ல இருந்து சொன்னன், நாலு பேர், மூண்டு பேர், இப்ப ரெண்டு பேர் எண்டு. அவர் எட்டி ஸ்கிரீனைப் பாத்தாரு. மறுகா மெதுவாச் சொன்னாரு, 'கம்ப்யூட்டர் காட்டிச்சு எண்டு சொல்லி ஆளில்லாத ஊருக்கு வாகனத்தை விட ஏலுமா மிஸ்? கண்டல்முனைக்குள்ள போய் வர ஒண்டரை மணித்தியாலம் போயிரும். அந்த நேரத்துக்கு மற்ற ரெண்டு ஊர்ச் சனத்தை ஏத்தலாம்.'

அவர் சொன்னது நியாயம்தான். பிழையா முடிஞ்சா, என்ட விசருக்காக வேற ஊர்ல ஆரோ நிண்டு போயிருவாங்க. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்த ஃபைலையே பாத்துக்கிட்டிருந்தன். அந்த 'ஒம்பது நாள்' எண்டது அப்பதான் எனக்கு உறைச்சுது. எங்கட ஆக்களுக்குள்ள பிள்ளை பெத்தவள் முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியாம வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டாள். செல் வந்து விழக்குள்ளயும் வெளிக்கிட மாட்டாளா எண்டு கேக்காத, அந்தக் காட்டுக் கரையில வயித்துப் புண்ணோட, பச்சை உடம்போட அவளால நடக்கவும் ஏலாது. அவளை விட்டுட்டுப் புருசனும் மச்சாளும் வர மாட்டாங்க. அப்ப முகாம்ல பதிஞ்சது ஆரு? முந்தி ஓடின சொந்தக்காரர் பிந்தி வாறவங்களுக்கும் சேத்துப் பேர் குடுக்கிறது எங்கட சனத்தின்ட வழக்கம் தம்பி. அவங்களுக்குக் கிடைக்கிற கூடாரத் தறப்பாளும் அரிசியும் இல்லாமப் போயிரக்கூடாது எண்டு. 'பின்னால வாறாங்க' எண்டு சொல்லிப் பதிஞ்சிருவாங்க. கிராம சேவகர் முகாம்ல இருக்கிற பதிவைப் பாத்துட்டுக் கண்டல்முனை முழுக்க வந்திட்டு எண்டு கையெழுத்து வச்சிருப்பாரு. நானும் அதைப் பாத்துத்தானே லிங்க் போட்டன், பெரிய கெட்டிக்காரி.

திரும்ப முகாமுக்கு அடிங்க, கனகா எண்ட பிள்ளைய போனுக்குக் கூப்பிடுங்க, ஆள் வந்து கதைக்கட்டும் எண்டன். அவர் அடிச்சாரு. அடிச்சாரு, அடிச்சாரு, லைன் கிடைக்கல்ல. ஒண்டே முக்கால் ஆயிட்டு.

அண்ணன், நான் பொறுப்பு எண்டன். ஆளில்ல எண்டா என்ட வேலை போகட்டும், என்னைப் புடிச்சு ஏசட்டும், நான் பொறுப்பு. ஜெயம் அண்ணன் என்னைப் பாத்து, 'உங்கட பொறுப்பை வச்சு என்ன செய்யிற மிஸ், போறது நான்தானே' எண்டு சொல்லிட்டுச் சிரிச்சாரு. மறுகா, 'சரி, எழுதுங்க' எண்டாரு.

அந்த ஃபோல்டரை நான் தொடல்ல. பக்கேஜைப் பிரிச்சு, அதுக்குள்ள கண்டல்முனைக்கு லிங்க் போடுற வரியை எடுத்துட்டுத் திரும்பக் கட்டி ஓட விட்டன். ஒரு தடங்கலும் இல்லாம ஓடி முடிஞ்சிச்சு. லிஸ்டை அடிச்சன். கடைசி வரி: கண்டல்முனை, குடும்பம் ஒண்டு, ஆட்கள் ரெண்டு. ரெண்டு அம்பதுக்கு ஃபேக்ஸ் போயிட்டு.

அண்டைக்கு ராவு நான் நித்திரை கொள்ளல்ல. ஆளிருக்கக் கூடாது எண்டு கும்பிட்டன். நம்புறியோ இல்லையோ, கும்பிடாத நான் கும்பிட்டன். ஆளில்ல எண்டு வந்து என்னை எல்லாரும் விசரி எண்டு சொல்லட்டும் எண்டுதான் கேட்டன்.

அடுத்த நாள் பின்னேரம் ஜெயம் அண்ணன் வந்தாரு. செருப்போட உள்ளுக்கு வந்து, கதிரையில இருந்து, தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டுத்தான் கதைச்சாரு. வீட்டுக்குப் பின்னால பனங்குத்தி அடுக்கின பங்கர் ஒண்டுக்குள்ள கனகாவும் பிள்ளையும் இருந்திருக்காங்க. குரல் கூட வரல்லயாம் அவளுக்கு. கிணத்தடியில சின்னத்தம்பி, செல் பட்டு. அவரை இழுத்துக்கிட்டு வாறன் எண்டு ஓடின யோகமும் அங்கயே காயப்பட்டு, கனநேரம் முனகிக்கிட்டுக் கிடந்து முடிஞ்சிட்டா. எந்தப் பக்கத்தால வந்த செல் எண்டு ஆருக்குத் தெரியும். ரெண்டு பேரையும் அந்தக் கிணத்தடியிலயே கிடங்கு வெட்டித் தாட்டுட்டு வந்ததா சொன்னாரு.

எப்ப அண்ணன் எண்டு கேட்டன். 'நேத்து' எண்டாரு. நேத்து எப்ப எண்டன். பன்ரண்டு மணி கழிஞ்சு கொஞ்சத்தில, றேடியோவில மத்தியானச் செய்திக்குக் காத்துக்கிட்டு இருக்கக்குள்ள சின்னத்தம்பி தண்ணி அள்ளப் போனாராம், யோகம் சாக அதுக்கங்கால ஒரு மணித்தியாலம் இருக்கும் எண்டு கனகா சொன்னாவாம். அதைச் சொல்லிட்டு அவர் என்னைப் பாக்காம ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கும் கணக்கு விளங்கியிருக்கும்.

ஜெயம் அண்ணன் அதைப் பத்தி ஒரு நாளும் திருப்பிக் கதைக்கல்ல. ஆனா நான் கணக்குப் பாத்தன். முதல்தரம் நான் அழிச்சது பன்ரண்டு அஞ்சு. ஃபைல் திரும்பி வந்தது பன்ரண்டு பன்ரண்டு. ரெண்டாந்தரம் நான் அழிச்சது ஒண்டு பத்து. திரும்பி வந்தது ஒண்டு பதினேழு. ரெண்டு தரமும் ஏழு நிமிசம். ஒரு ஆள் செத்துப்போய்த்தான் ஃபைல் அப்பிடி வந்திச்சா, இல்ல நான் அழிச்சுத்தான்... நான் அந்த நேரம் பேரை மாத்தி ஓரமா வச்சிருந்தா? கொழும்பில பெரிய படிப்புப் படிச்ச ஒருத்தனிட்ட இதை ஒரு கதை மாதிரிச் சொல்லிக் கேட்டன், சேவர்ட மணிக்கூடு பிழைச்சிருக்கும் மேடம் எண்டான். மணிக்கூடு பிழைச்சா ஆள் குறையுமாடா எண்டு கேட்டுட்டு வந்திட்டன். அந்த சேவரைப் பாக்கலாம் எண்டா, அலுவலகத்தை மூடக்குள்ள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

கனகா இப்பவும் வருவா. வருசத்தில ரெண்டு மூண்டு தரம், இறால் கிடைச்சா இறால், இல்லாட்டி ஒரு முட்டி தயிர். வேணாம் எண்டாலும் வச்சிட்டுத்தான் போவா. ஜெயம் அண்ணன் அவளிட்ட, மிஸ்தான் உங்கட பேரை லிஸ்டில போட்டவ எண்டு மட்டும் சொல்லியிருக்காரு. நாங்க அங்க இருக்கம் எண்டு உங்களுக்கு ஆரு மிஸ் சொன்ன எண்டு ஒருக்கா கேட்டா. ஆரோ சொன்னாங்க புள்ள எண்டன்.

போன மாசம் மகளையும் கூட்டிக்கிட்டு வந்தா. நல்லா வளந்திட்டாள், மேல படிக்கக் கம்பஸ் கிடைச்சிருக்காம். தகப்பன்ட சாயல் எண்டு கனகா சொன்னா, எனக்கு அந்தாளைத் தெரியாதே. 'மிஸ்ஸக் கும்பிட்டுட்டு வா, மிஸ் இல்லாட்டி நீயும் இல்ல, நானும் இல்ல' எண்டு தாய் சொல்ல, அந்தப் பிள்ளை குனிஞ்சு என்ட காலைத் தொட வந்தாள். நான் சட்டெண்டு காலைக் கதிரைக்கு உள்ளுக்கு இழுத்திட்டன். அந்தப் பிள்ளைக்கு ஒரு மாதிரியாப் போயிட்டு. தாய்க்கும்தான். தேத்தண்ணி போடுறன் எண்டு சொல்லிக் குசினிக்குள்ள போய் நிண்டன். ரெண்டு தரம் அழிச்சன் எண்டு நான் அவங்களுக்கு இன்னும் சொல்லல்ல.